ரிவால்வரும் அதன் பிடியும்

சென்ற பருவத்தில் நம் விடுதியில் ஒரு நாள் 'டர்ட்டி ஹாரி' (1971) படம் காட்டினார்கள். படம் முடிந்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்தத் துப்பாக்கி பெரியது, சரி, அதன் பிடியில் மரம் ஏன் இத்தனை அதிகம்?" நான் இயந்திரப் பொறியியல் மாணவன் என்பதால் என்னைக் கேட்டார் போலும். அன்று பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஊரில் மண்வெட்டிக்குக் காம்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தச்சர் காம்பைச் செதுக்குவார், இரும்பைத் தொடமாட்டார். காம்பு முறிந்தால் வேறு காம்பு. மண்வெட்டிக்கு அது போதும். ஆனால் பழம்பொருள் என்று சேர்த்து வைக்கும் ரிவால்வருக்கு அந்த நியாயம் செல்லாது. ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படத்தில் வருவது அமெரிக்காவில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் செய்த .44 மாக்னம் ரிவால்வர். 1955-இல் பிறந்தது, 1957-இல் கம்பெனியார் தம் துப்பாக்கிகளுக்கு எண் கொடுத்தபோது 29 என்ற எண்ணைப் பெற்றது.

இந்தக் கம்பெனியார் தம் ரிவால்வர்களின் பிரேமை, அதாவது குழலையும் சுழலும் உருளையையும் தாங்கும் எஃகு உடலை, அளவு வாரியாக எழுத்துகளால் குறிப்பர். சிறியது 'ஜே' பிரேம். இது 1950-இல் வந்தது. நடுத்தரமானது 'கே' பிரேம். இதன் வரலாறு 1899-இல் தொடங்குகிறது. பெரியது 'என்' பிரேம், இது 1908-இல்.44 ஸ்பெஷல் தோட்டாவுக்காக வந்தது. 1935-இல் வெளியான .357 மாக்னமும் நம் 29-ஆம் எண்ணும் 'என்' பிரேமைச் சேர்ந்தவையே.

பிடி என்பது தனி உறுப்பன்று. பிரேமின் பின்பகுதியே கீழே வளைந்து எஃகு எலும்பாக நிற்கிறது. அதன் இருபுறமும் இரண்டு மரப்பலகைகள். ஒரு திருகாணி இரண்டையும் ஊடுருவிச் சேர்த்துப் பிடிக்கிறது. எலும்பின் அடிப்பாகத்தில் குறுக்கே ஓர் எஃகு முளை உண்டு. பலகைகளின் உட்புறத்தில் அதற்கேற்ற குழிகள் உண்டு. முளை குழியில் அமர்ந்தால்தான் பலகை நகராது. முளை ஓரிடமும் குழி வேறிடமும் இருக்கத் திருகாணியை முறுக்கினால், மரம் விரிசல் விடும். எத்தனையோ நல்ல பலகைகள் இப்படிப் பாழாயின.

இனிப் பொருத்தத்துக்கு வருவோம். 'கே' பிரேமின் பலகையை 'என்' பிரேமில் வைத்தால் உயரம் போதாமல் இடைவெளி தெரியும். 'என்' பலகையோ 'கே' பிரேமில் அடங்காது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மரம், ஒரே வேலைப்பாடு. தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும். பக்கத்தில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

பிரேம் பெரிதானால் பிடியும் பெரிதாகும் என்று எண்ணிவிடாதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் 'எல்' பிரேம் வந்தது. உடல் 'கே'யைவிடப் பருமன். ஆனால் பிடியின் அளவு 'கே'யினுடையதே. மனிதனின் கை வளரவில்லை அல்லவா?

அடுத்தது அடிப்பாகத்தின் வடிவம். சில பிடிகள் அடியில் சதுரமாக முடியும். சில வட்டமாக வளையும். பழைய 'என்' பிரேம்கள் பெரும்பாலும் சதுர அடி உடையவை. 1990-களின் நடுவிலிருந்து வட்ட அடிக்கு மாறின. வட்ட அடியின் மேல் பெரிய மரத்தைப் போர்த்திச் சதுரமாகக் காட்டலாம். அதற்கென்றே பிடிகள் விற்கிறார்கள். சதுர அடியை வட்ட மரத்துக்குள் அடக்க முடியாது. எஃகு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எனவே "29-ஆம் எண்ணுக்குப் பிடி" என்று கேட்டால் போதாது. எந்தக் காலத்தது, எந்த அடி என்றும் சொல்ல வேண்டும்.

நண்பரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையைக் கையின் எவ்வளவு பரப்பு ஏற்கிறதோ, அவ்வளவுக்கு வலி குறையும். பழைய பலகைகள் மேற்புறம் குறுகியவை; எஃகின் மேடு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இடித்தது. 1930-களின் நடுவில் வந்த 'மாக்னா' பலகைகள் மேலே அகன்று அந்த மேட்டின் இருபக்கத்தையும் தழுவின. ஆயினும் விசைக்காப்பு வளையத்தின் பின்னே ஒரு சந்து எஞ்சியது. அதையும் நிரப்பி, எஃகின் முன்புறத்தையும் அடிப்பாகத்தையும் மூடியது 'டார்கெட்' வகைப் பெரும் பிடி. படத்தில் கண்ட அதிக மரம் இதுதான். 1950-களின் கடைசியில் இவ்வகையில் செய்த சிலவற்றை, நடுவில் புடைத்திருப்பதால், சேகரிப்போர் 'கோக் பாட்டில்' என்றே அழைக்கின்றனர்.

ஒரு பிடியின் வயதை அதன் முகமே சொல்லும். சொரசொரப்பான கட்டம் செதுக்கிய பலகைகளில், திருகாணியைச் சுற்றி வைர வடிவில் மரத்தைச் செதுக்காமல் விடுவது நெடுநாள் வழக்கம். 1968 வாக்கில் அந்த வழக்கம் நின்றது. ஆகவே 1957-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் வைரம் இல்லாத பலகை இருந்தால், யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

இதைவிட உறுதியான சாட்சி உள்ளே இருக்கிறது. முற்காலத்தில் ஒவ்வொரு பலகையையும் அதனதன் பிரேமிலேயே பொருத்தி இழைத்தார்கள். கலந்துவிடாமல் இருக்க, பல துப்பாக்கிகளில் வலப்பலகையின் உட்புறத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதினார்கள், அல்லது முத்திரையாகப் பதித்தார்கள். பிடியின் அடியில் எஃகில் உள்ள எண்ணும் இதுவும் ஒத்தால், இரண்டும் தொழிற்சாலையை விட்டு ஒன்றாகவே வந்தவை எனலாம். பென்சில் எழுத்தைப் போலியாகவும் எழுதலாம். ஆகவே மரமும் எஃகும் ஓரத்தில் மேடு பள்ளமின்றிச் சேர்கின்றனவா என்றும் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. துப்பாக்கியை வாங்கியவர்கள் பலர் ரப்பர்ப் பிடியை மாட்டிக்கொண்டு, மரப்பிடியை மேசை அறையில் போட்டுவிட்டார்கள். பின்னாளில் அவை பிரிந்து, தனித்தனியே விலைக்கு வந்தன. வாங்குபவர், "சற்றே பெரிது, அரம் வைத்தால் சரியாகிவிடும்" என்று எண்ணுகிறார். அரத்தை எடுத்த அந்த நொடியில் இரண்டு பொருள்கள் கெடுகின்றன. அந்தப் பலகை தனக்குரிய துப்பாக்கிக்கு இனி என்றைக்கும் பொருந்தாது. உள்ளே எண் இருந்தால் அதுவும் தேய்ந்து போகலாம். தன்னுடைய துப்பாக்கியோ பொய்ச் சரித்திரம் ஒன்றைச் சுமக்கிறது. பொருந்தாவிட்டால் வேறு தேடுங்கள், மரத்தை அறுக்காதீர்கள் என்பதே அத்துறை வல்லோர் கூறும் முதல் விதி.

"நமக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி இவற்றை வைத்திருக்க முடியாது. வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகள் கையாண்ட வெப்லி ரிவால்வர்களுக்கும் இதே கதைதான். 1915-இல் வந்த ஆறாம் மாதிரிக்குச் சதுரப் பிடி. அதற்கு முந்திய மாதிரிக்குக் கிளிமூக்குப்போல வளைந்த பிடி. ஒன்றின் பலகை மற்றதற்கு ஆகாது.

நம்மில் சிலர் நாளை அருங்காட்சியகத்தில் பணி செய்யலாம். சிலர் பாட்டனார் பெட்டியில் ஒரு பழைய கடிகாரத்தையோ வீணையையோ காணலாம். பொருந்தாத உறுப்பு ஒன்று கையில் கிடைக்கும்போது, அரத்தை எடுக்குமுன் அதைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். அங்கே யாரோ ஒரு தொழிலாளி பென்சிலால் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கலாம்.