இரு ஞாயிறுகள் காயும் உலகம்

நம் உலகிற்கு ஞாயிறு ஒன்றே. வானில் இரண்டு ஞாயிறுகள் காய்ந்தால், அங்கே பயிர் விளையுமா? உயிர் வாழுமா? இவ்வினாவிற்கு அறிவியல் கூறும் விடையை ஈண்டுக் காண்போம்.

விண்மீன்களுள் பல தனித்திருப்பன அல்ல. ஒன்றையொன்று சுற்றி வரும் இரு மீன்களை இரட்டை விண்மீன்கள் என்பர். மே, ஜூன் திங்களில், முன்னிரவில், நம் தோட்டப்புறத்துத் தென்வானை நோக்கினால், சிலுவை வடிவில் நான்கு மீன்கள் தெரியும். அவற்றின் இடப்புறம் சுடரும் இரு மீன்களுள் ஒளி மிக்கது ஆல்பா சென்டாரி. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அது, தொலைநோக்கியில் இரண்டாகத் தெரியும். அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகும்.

உயிர் வாழ நீர் வேண்டும். அடுப்பை ஒட்டி வைத்த நீர் ஆவியாகும்; கடுங்குளிரில் வைத்த நீர் உறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே உயிர் வாழ்தற்குரிய மண்டலம். நம் பூமி அத்தகைய இடத்தில் உள்ளது.

இரட்டை விண்மீன்களிடத்தில் இன்னுமொரு தேவை உண்டு. இரு மீன்களும் கோளைத் தத்தம் பக்கம் ஈர்க்கும். ஆகவே, நடுவில் அகப்பட்ட கோள் நிலைகுலைந்து எறியப்படும். அல்லது ஒரு மீனில் மோதி அழியும். நிலைத்திருக்கக்கூடிய பாதைகள் இரண்டு.

முதலாவது, ஒரு மீனை மட்டும் நெருங்கிச் சுற்றும் பாதை. பூமிக்கும் ஞாயிற்றிற்கும் உள்ள தொலைவை ஓரளவாகக் கொண்டால், ஆல்பா சென்டாரியின் இரு மீன்களும் மிக நெருங்கும்போதும் 11 அளவு விலகியே நிற்கும். பெரிய மீனைச் சுற்றி 2 அளவுத் தொலைவு வரை கோள் நிலைத்திருக்க இயலும் எனக் கணக்கிட்டுள்ளனர். வெப்பம் ஏற்ற மண்டலமோ ஓரளவிற்குச் சற்று அப்பால், அந்த எல்லைக்குள்ளேயே அமைகிறது.

இரண்டாவது, இரு மீன்களையும் சேர்த்து வெளியே சுற்றும் பாதை. 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி என்னும் கோள் அவ்வாறே 229 நாள்களில் சுற்றி வருகிறது. சனிக்கோளை ஒத்த அளவுடைய அதில் கடுங்குளிர் நிலவுகிறது. பாதை நிலையானது, ஆயினும் நாம் வாழ ஏற்றதன்று.

எனவே, ஞாயிறு இரண்டாயிருத்தல் உயிருக்குத் தடையன்று. நீரைக் காக்கும் வெப்பமும் நிலைபெற்ற பாதையும் ஓரிடத்தில் கூடுதல் வேண்டும். அவ்விரண்டும் கூடிய பூமியில் பிறந்த நாம், அதனைப் பேணிக் காப்போமாக! மாணவச் செல்வங்களே, வானம் தெளிந்த இரவொன்றில் பெற்றோருடன் அவ்விரட்டை மீனைக் கண்டு மகிழ்வீர்!