ஆபரேட்டருக்கு ஒரு பக்கம், மெயின்டனன்ஸுக்கு ஒரு பக்கம்

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு தொடுதிரை பேனல். ஷிப்டுக்கு வரும் ஆபரேட்டர் முதலில் பார்ப்பது சில விஷயங்களைத்தான்: மெஷின் ஆட்டோவில் இருக்கிறதா மேனுவலிலா, எத்தனை ஷாட் ஓடியிருக்கிறது, அலாரம் ஏதும் நிற்கிறதா. பேரல் சூடு, இன்ஜெக்‌ஷன் பிரஷர் எல்லாம் கண்ணில் படும். ஆனால் மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். மெஷின் நின்றுபோனால் மெயின்டனன்ஸ் ஆள் வருவார். அதே பேனலில் இரண்டு பக்கம் உள்ளே போய், எந்த சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று பார்ப்பார். ஐ.டி.ஐ. முடித்து நேற்று சேர்ந்த பையனுக்கும் இருபது வருடம் மெஷினோடு பழகியவருக்கும் அந்த ஒரே பேனல் போதும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. தொழிற்சாலைத் திரைகளை எப்படி வடிவமைப்பது என்று ஐ.எஸ்.ஏ.-101 என்ற தரநிலை 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. திரைகளை நான்கு மட்டங்களாக அடுக்கலாம் என்கிறது அது: ஒரே பார்வையில் முழு நிலவரம், அன்றாட இயக்கம், தனிக் கருவியின் விவரம், கடைசியாகக் கோளாறு பார்க்கும் பக்கம்.

வீட்டுச் சாதனங்களும் இந்த வட்டாரத்தில்தான் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை 2007-இல் தொடங்கியது. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் அங்கே செய்கிறார்கள். ஸ்மார்ட்திங்ஸ் என்ற வீட்டு ஆட்டோமேஷன் நிறுவனத்தை சாம்சங் 2014-இல் வாங்கியது. வெவ்வேறு நிறுவனங்களின் பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மேட்டர் என்ற பொதுத் தரநிலை 2022 அக்டோபரில் வந்துவிட்டது. இணைப்பு என்ற சிக்கல் மெல்லத் தீர்ந்துகொண்டு வருகிறது. வீட்டில் இருக்கும் நான்கு பேரும் ஒரே திரையை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விதான் மிச்சம்.

நம்மூர் வீடுகளில் ஆட்டோமேஷன் என்றால் முதலில் தண்ணி மோட்டார்தான். சம்ப்பிலிருந்தோ போரிலிருந்தோ மேல் டேங்குக்கு நீர் ஏற வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும், போரில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் ஓடவே கூடாது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள நீர். வெறுமனே ஓடினால் கருகிவிடும். இதைத் தடுக்கும் டிரை ரன் பாதுகாப்பு கரண்ட்டை அளந்து வேலை செய்கிறது. தூக்க நீர் இல்லாதபோது மோட்டாருக்குச் சுமை குறையும். அது இழுக்கும் ஆம்பியரும் இறங்கும். எந்த ஆம்பியருக்குக் கீழே போனால் நிறுத்துவது என்ற செட்டிங் மெயின்டனன்ஸ் பக்கத்துக்குரியது. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு வேண்டியது “போரில் தண்ணி இல்லை, மோட்டார் நின்றுவிட்டது” என்ற ஒரு வரி, தமிழில்.

அந்த வரி உண்மையாகவும் இருக்க வேண்டும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. மூடச் சொல்லிக் கட்டளை போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதை அல்ல. ஊழியர்கள் மூடிவிட்டதாக நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையம் ஓரளவு உருகியது. போனில் மோட்டார் ‘ஆன்’ என்று பச்சை காட்டும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: கட்டளை போய்விட்டது என்கிறதா, மோட்டார் ஓடுகிறது என்கிறதா? டிரை ரன் பாதுகாப்புக்காகக் கரண்ட்டை ஏற்கெனவே அளக்கும் கன்ட்ரோலரிடம் பதில் இருக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது பெரிய செலவில்லை.

புதியவர்களுக்காக எதை மறைப்பது, எப்படி மறைப்பது? 1984-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் கரோலும் கரோலின் காரித்தர்ஸும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டைப் செய்யும் மென்பொருள் ஒன்றில், புதியவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் வசதிகளை மட்டும் பூட்டினார்கள். மெனுவிலிருந்து அவற்றை எடுத்துவிடவில்லை. தொட்டால் ‘இப்போது கிடையாது’ என்று மட்டும் சொல்லும். பூட்டிய வடிவில் பழகியவர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கினார்கள், தவறுகளில் குறைந்த நேரத்தையே இழந்தார்கள், முழு மென்பொருளில் பழகியவர்களைவிட அதை நன்றாகப் புரிந்தும் கொண்டார்கள். பிற்பாடு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000-இல் வேறு வழியில் போனார்கள்: அதிகம் தொடாத மெனு வரிகளை மென்பொருளே தானாக மறைத்தது. நேற்றுப் பார்த்தது இன்று அங்கே இல்லை என்றால் யாருக்கும் கை பழகாது. 2007 பதிப்பில் அந்த மெனு முறையையே மாற்றிவிட்டார்கள். உபயோகிப்பவர் எவ்வளவு தெரிந்தவர் என்று இயந்திரம் ஊகித்துத் திரையை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. பூட்டு இருக்கலாம், ஆனால் இடம் மாறக் கூடாது.

தெரிந்தவருக்கான பக்கத்திலும் ஆலைகள் ஒன்று கற்றுத்தருகின்றன. வெல்டிங் ரோபோவுக்குப் பாதை சொல்லிக்கொடுக்கும் கைப்பேனலை டீச் பெண்டன்ட் என்பார்கள். அதன் பின்புறம் ஒரு சுவிட்ச்: பாதி அழுத்தினால்தான் ரோபோ நகரும், கையை விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். கற்றுத்தரும் நிலையில் ரோபோவின் கை நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அனுபவசாலி உள்ளே நுழையும்போது மெஷின் இன்னும் நிதானமாகிறது. வீட்டுத் திரையிலும், புதிதாக ஒரு விதி எழுதினால் மோட்டாரை ஓட்டாமலே சோதித்துப் பார்க்கவும், பழைய நிலைக்கு ஒரே தட்டில் திரும்பவும் வழி வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டார வீடுகளுக்கு இப்படி ஒரு திரை ஏன் அவசரம் என்றால், அந்த வீடுகளில் செட்டிங் எல்லாம் போட்டவர் பெரும்பாலும் ஷிப்டில் இருப்பார். பல ஆலைகளில் வேலை இடத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. எட்டு மணி நேரம் அவரைக் கூப்பிட வழியில்லை. இடையில் கரண்ட் போய் வரும், வைஃபை எழுந்திருக்காது, டேங்க் காலியாக இருக்கும். அப்போது வீட்டில் இருப்பவருக்குப் பாஸ்வேர்டு கேட்காத ஒரு முழுமையான முதல் பக்கம் வேண்டும்: டேங்கில் எவ்வளவு நீர், மோட்டார் உண்மையில் ஓடுகிறதா, ஏன் நின்றது, இப்போது என்ன செய்யலாம். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் கண் எரிய வரும் நிபுணருக்கும் அந்த நேரத்தில் இதற்கு மேல் தேவைப்படாது. இணையம் செத்தாலும் சுவரில் இருக்கும் சுவிட்ச் மோட்டாரை ஓட்ட வேண்டும், அப்படி ஓடும்போதும் டிரை ரன் பாதுகாப்பு விழித்திருக்க வேண்டும். கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள். போன் ஆப் எப்படி இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.