மூன்று கால் பின்னலும் ஒரு துடுப்பும்

யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை பிற்பகல் பரபரப்பாக இருக்கும். சூரியன் மறைந்தால் சபாத் எனும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பின் மாவு பிசையவும் கூடாது, ரொட்டி சுடவும் கூடாது. அதற்குள் ஹல்லா தயாராக வேண்டும். முட்டை, எண்ணெய், சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, சடை போலப் பின்னிச் சுட்ட பொன்னிற ரொட்டி அது. மேசையில் இரண்டு வைப்பார்கள். பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு வெள்ளிதோறும் மன்னா எனும் உணவு இரு மடங்கு கிடைத்ததன் நினைவு. இன்று பிசையும் வேலையை பிரெட் மேக்கரிடம் விடுகிறவர்கள் உண்டு. பின்னுவது மட்டும் கையால்தான்.

பிசைவதையே ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது எளிதாக இருக்கவில்லை. 1980-களில் ஜப்பானின் மாட்சுஷிதா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) முயன்றபோது ரொட்டியின் மேல்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், விடை கிடைக்கவில்லை. கடைசியில் இக்குகோ தனாகா என்ற பொறியாளர் ஒசாகாவின் ஒரு பெரிய ஹோட்டலில் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் தொழில் பழகினார். அந்தக் கலைஞர் மாவை அழுத்துவதோடு நிற்கவில்லை, முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கண்டார். அந்த இழுப்புக்காகப் பாத்திரத்தின் உட்சுவரில் வரப்புகள் வைத்தார்கள். அடியில் சுழலும் துடுப்பு மாவைத் தள்ள, வரப்பு பிடித்து நிறுத்த, மாவு நீள்கிறது. 1987-இல் கருவி விற்பனைக்கு வந்தது.

அந்த இழுப்பில் என்ன நடக்கிறது? கோதுமையில் இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் அவை கைகோத்துப் பசையமாகின்றன. குளூட்டன் என்று பாக்கெட்டில் அச்சிடுகிறார்களே, அதுதான். ஒரு புரதம் மாவை நீள விடுகிறது, மற்றது சுருக்கி இழுக்கிறது. பிசையப் பிசைய இந்தப் பின்னல்வலை ஒழுங்குபட்டு, காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய சவ்வாகிறது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 160 மில்லி தண்ணீர், 2 முட்டை, 60 மில்லி எண்ணெய், 60 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, மேலே 500 கிராம் மைதா, அதில் குழி பறித்து 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மாவு மட்டும் தயாரிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான கருவிகளில் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஐந்தாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். மாவு உருண்டு திரண்டு சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும். ஒட்டினால் ஒரு கரண்டி மைதா, துடுப்பு திணறினால் ஒரு கரண்டி தண்ணீர்.

ஒரு கிராம் ஈஸ்ட்டில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட செல்கள் உள்ளன. நாம் போடும் 7 கிராமிலேயே உலக மக்கள்தொகையைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்! ஆனால் ரொட்டியின் துளைகளை உண்டாக்குவது அவை அல்ல. பிசையும்போது மாவுக்குள் புகும் காற்றுதான் நுண்குமிழ்களாகத் தங்குகிறது. ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு அந்தக் குமிழ்களுக்குள் சென்று அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. 1941-லேயே இதைச் சோதனையில் காட்டிவிட்டார்கள்.

ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை உணவு. அளவு மிஞ்சினால் தொல்லை. சவ்வூடு பரவலால் செல்லுக்குள் இருக்கும் நீரைச் சர்க்கரைக் கரைசல் வெளியே இழுத்துவிடும். அதனால் ஹல்லா மாவு சாதாரண ரொட்டி மாவைவிட மெதுவாகவே பொங்கும். மாவை இதமான வெப்பத்தில் காத்துவைக்கும் கருவி இங்கே பெரிய உதவி. எண்ணெய்க்கும் ஒரு காரணம் உண்டு. யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பால் பொருள் சேரக்கூடாது. வெள்ளி இரவு விருந்தில் இறைச்சி இருக்கும், ஆகவே வெண்ணெய் கிடையாது. எண்ணெய் ஆறினாலும் உறைவதில்லை. ரொட்டி மறுநாளும் மெத்தென்று இருக்கிறது.

இனிக் கை வேலை. மாவை இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் மூன்றாக்கி நீளமான கால்களாக உருட்டுங்கள். உருட்டியதும் சுருங்கி ஓடும். சுருக்கி இழுக்கும் புரதத்தின் வேலை. பத்து நிமிடம் மூடிவைத்தால் பிடிவாதம் தளர்ந்து நீளும். கால்களின் மேல் இலேசாக மாவு தூவினால் வேகும்போது ஒன்றோடொன்று கரைந்துபோகாமல் வரிவரியாக நிற்கும். பிறகு இடது காலை நடுக்காலின் மேல், வலது காலை நடுக்காலின் மேல், மாற்றி மாற்றி.

எனக்கு இதில் பெருவியப்பு இந்தப் பின்னல்தான். 1925-இல் ஹாம்பர்க்கில் எமில் ஆர்ட்டின் பின்னல்களுக்கென்றே ஒரு கணிதத்தை உருவாக்கினார். எத்தனை சிக்கலான பின்னலையும் பக்கத்துக் கால்கள் ஒன்றையொன்று தாண்டும் வரிசையாக எழுதிவிடலாம் என்று காட்டினார். மூன்று காலுக்கு இரண்டே இடங்களில் தாண்டல். ஆறு காலுக்கு ஐந்து. மூன்று கால் பின்னலில் ஆறு தாண்டல் முடிந்ததும் ஒவ்வொரு காலும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அந்த நிலையில் ஏதாவது ஒரு காலை உருவிவிட்டால், மற்ற இரண்டும் சிக்கலே இல்லாமல் பிரிந்துவிடும். கயிற்றில் செய்து பாருங்கள். எந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருக்கவில்லை; மூன்றும் சேர்ந்தால்தான் பிடிப்பு. சிலர் ஆறு காலில் பின்னுவார்கள். இரண்டு ரொட்டிக்கும் சேர்த்து 12, இஸ்ரவேலின் 12 கோத்திரங்களுக்காக.

பின்னியதை முக்கால் மணி நேரம் பொங்கவிட்டு, அடித்த முட்டையைத் தடவி, 180 டிகிரி அவனில் 25 முதல் 30 நிமிடம். உள்ளே 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் மடிகிறது. அதையொட்டியே முட்டைப் புரதமும் மாவுச்சத்தும் இறுகத் தொடங்குகின்றன. குமிழ்ச்சுவர்கள் உடைந்து ஒன்றோடொன்று திறந்துகொள்ள, மூடிய குமிழ்கள் பஞ்சாகின்றன. மேலே 140 டிகிரி தாண்டியதும் முட்டையின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912-இல் விவரித்த வினை இது.

நடுவில் வெப்பமானி குத்தினால் 88 டிகிரி காட்ட வேண்டும். மணம் இழுத்தாலும் உடனே வெட்டாதீர்கள். வெளியே எடுத்த பிறகும் மாவுச்சத்து இறுகிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆறட்டும்.