மூச்சுக் குழலில் ஒரு நெருக்கடி

இரைப்பு, இழைப்பு, ஈளை என்று பல பெயர்களில் வழங்கும் ஆஸ்துமாவை அறியாத ஊர் இல்லை. கள்ளக்குறிச்சியின் அரிசி ஆலைத் தூசியும், கல்வராயன் மலைச் சிற்றூர்களின் விறகடுப்புப் புகையும், மலைக்குளிரும் இந்நோய் உடையவர்க்கு இரைப்பைத் தூண்டக் கூடியவை. இது ஒவ்வாமையால் வருவது என்பது பலரும் அறிந்ததே. ஆனால் இதில் விசைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அண்மைக்கால ஆய்வுகள் காட்டும் உண்மையாகும்.

குழலும் தடையும்

மூச்சுக்குழல் மார்பினுள் இரண்டாகப் பிரிந்து, மரம்போல ஏறத்தாழ 23 முறை கிளைத்து, காற்று நுண்ணறைகளில் முடிகிறது. கிளைக்குழல்களின் உட்புறம் உயிரணுக்களாலான மெல்லிய படலம். அதைச் சுற்றி வரியற்ற தசை. ஆஸ்துமா தாக்கும்போது இத்தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது.

இயற்பியல் மாணவர்கள் நுண்புழைக் குழாயைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கும் பாய்ஸெய் சமன்பாட்டை இங்கு நினைவு கூர்தல் நலம். சீரான ஓட்டத்தில் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும். எனவே ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும்! மூச்சை வெளிவிடும்போது குழல்கள் மேலும் சுருங்குவதால் காற்று உள்ளேயே சிக்குகிறது. சீழ்க்கை போன்ற ஒலி எழுவதும் இதனாலேயே.

பிதுங்கும் உயிரணுக்கள்

குழல் சுருங்கினால் உட்படலத்தின் கதி என்ன? நெரிசல் மிகுந்த பேருந்தில் படியில் நிற்பவர் வெளியே தள்ளப்படுவதுபோல, நெருக்கப்பட்ட உயிரணுக்கள் படலத்திலிருந்து பிதுங்கி விழுகின்றன. சாதாரணமாக ஒன்றிரண்டு விழுவது, எண்ணிக்கையைச் சமன் செய்யும் இயற்கை ஏற்பாடே. தாக்குதலின்போதோ அளவுக்கு மீறி உதிர்வதால் படலத்தில் பொத்தல் விழுந்து, அழற்சிக்கு வழி பிறக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜோடி ரோசன்பிளாட் குழுவினர் இதனை 2024இல் வெளியிட்டனர். அவர்களது எலி ஆய்வில், சால்பியூட்டமால் குழலை விரித்ததே தவிர, உயிரணு உதிர்வைத் தடுக்கவில்லை. கடோலினியம் என்னும் தனிமம் தடுத்தது. ஆயினும் அது மனிதருக்குரிய மருந்தாகிவிடவில்லை.

இதற்கு முன்பே, 2011இல் இங்கிலாந்தில் ஆஸ்துமா உடைய 48 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வாமைப் பொருள் இல்லாமலே, மெத்தகோலின் என்னும் பொருளால் சிலருக்குக் குழலைச் சுருங்கச் செய்தனர். மூன்று முறை சுருங்கியதற்கே குழற்சுவரின் கொலாஜன் அடுக்கு தடித்தது. முன்கூட்டியே சால்பியூட்டமால் கொடுக்கப்பட்டவர்களுக்கு அவ்வாறு தடிக்கவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

இவற்றால் விளங்குவது யாது? ஒவ்வொரு தாக்குதலும் வந்து போவதன்று; தன் தடத்தைப் பதித்துப் போவது. வந்தபின் அடக்குவதினும் வருமுன் காப்பதே முதன்மையானது. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளும், வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் குழல் விரிக்கும் மருந்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது, அழற்சி தணிக்கும் உறிஞ்சு மருந்தும் வேண்டும் என்கின்றன.

'இன்ஹேலர் பழகிவிடும், விடமுடியாது' என்னும் அச்சம் நம்மிடையே இன்னும் உள்ளது. அது போதைப் பொருளன்று. மாத்திரையில் மில்லிகிராமில் செல்லும் ஸ்டீராய்டு, இதில் மைக்ரோகிராம் அளவிலேயே, தேவைப்படும் இடத்துக்கே நேராகச் செல்கிறது. இரைப்பு நின்றதும் மருந்தைத் தாமே நிறுத்துவதுதான் ஆபத்து. நள்ளிரவில் மலையிறங்கி மருத்துவமனை சேரவேண்டிய குடும்பங்களுக்கு இவ்வறிவு உயிர்காக்கும் துணையாகும். கற்ற நாம் இதனை நம் வீட்டிலும் ஊரிலும் எடுத்துச் சொல்வோமாக!