எண்ணும் வேளையும்: ஆண் ஓமோன் சிகிச்சையிற் குருதிப் பரிசோதனை

குருதிப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நாம் செய்வது யாது? எண்ணைப் பார்க்கிறோம், பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள எல்லைகளோடு ஒப்பிடுகிறோம், எல்லைக்குள் இருந்தால் மகிழ்கிறோம், வெளியே இருந்தால் அஞ்சுகிறோம். பல பரிசோதனைகளுக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். ஆனால், தெஸ்தெஸ்தரோன் என்னும் ஆண் ஓமோனைச் சிகிச்சையாகப் பெற்றுவரும் ஒருவருக்கு இது போதாது. குருதி எந்த வேளையில் எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் அவருடைய எண்ணுக்குப் பொருள் காண இயலாது.

இந்த ஓமோன் விதைகளிற் பிறந்து குருதி வழியே உடலெங்கும் செல்வது. 1849 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரில் பேர்த்தோல்ட் என்னும் அறிஞர், சேவற் குஞ்சுகளின் விதையை அகற்றி, அதனை வயிற்றறையினுள் வேறோர் இடத்திற் பதித்தார். நரம்புத் தொடர்பு அற்றிருந்தும் அவை கொண்டை வளர்ந்து கூவும் சேவல்களாயின. எனவே, விதை தரும் ஏதோவொன்று குருதியிற் கலக்கின்றது என்பது புலனாயிற்று. அப்பொருளை 1935 இல் அம்ஸ்ரர்டாம் நகர ஆராய்ச்சியாளர் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே அது செயற்கையாகவும் ஆக்கப்பட்டது.

விதைகள் தாமாகவே வேலை செய்வதில்லை. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, எல்.எச்., எப்.எஸ்.எச். என்று அறிக்கைகளிற் குறிக்கப்படும் இரண்டு ஓமோன்களை அனுப்பி அவற்றை ஏவுகின்றது. குருதியில் தெஸ்தெஸ்தரோன் மிகுந்தால் ஏவல் குறையும். குறைந்தால் ஏவல் மிகும். ஆதலின், சிகிச்சை தொடங்குமுன் இவ்விரண்டையும் அளப்பது இன்றியமையாதது. தெஸ்தெஸ்தரோன் குறைந்து எல்.எச். உயர்ந்திருந்தால் பழுது விதையில் உள்ளது. இரண்டும் குறைந்திருந்தால் பழுது மேலிடத்தில் உள்ளது என்று வைத்தியர் ஊகிப்பார்.

தெஸ்தெஸ்தரோன் அதிகாலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருப்பது, உணவுண்டாலும் குறைவது. எனவே, குறைபாடு உண்டோ இல்லையோ என்று அறிய, காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரு நாட்களிற் குருதி எடுத்தல் வேண்டும். பிற்பகலில் எடுத்த ஒரே அளவை நம்பி ஆயுட்காலச் சிகிச்சையைத் தொடங்குவது தகாது. உடற்பருமனில்லாத இளம் ஆண்களிடையே, நூறு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 264 முதல் 916 நானோகிராம் வரை இயல்பு என 2017 இல் வெளியான ஆய்வொன்று வகுத்தது. வேறு சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு இத்தனை நானோமோல் என எழுதும். ஒன்றில் 288 என்பது மற்றதில் 10 ஆகும். அலகைக் கவனியாது இரு அறிக்கைகளை ஒப்பிட்டு அஞ்சுவது வீண்.

மேலும், இந்த ஓமோனிற் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்தே திரிகின்றது. ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே தனித்துள்ளது. உடற்பருமனுடையோரிடம் அப்புரதங்களுள் ஒன்று குறைவதால், மொத்த அளவு தாழ்ந்தும் தனித்த அளவு இயல்பாகவும் இருத்தல் கூடும்.

இனி, சிகிச்சை நடைபெறும் காலத்தைப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி பெறுபவரிடம், ஊசிக்குப் பின் அளவு மலைபோல் ஏறி, அடுத்த ஊசி நெருங்கும்போது பள்ளத்துக்கு இறங்கும். ஊசியின் மறுநாள் குருதி கொடுத்தவருடைய எண் மிக உயர்ந்து காணப்படும். அடுத்த ஊசிக்கு முந்திய நாள் கொடுத்தால் அவரே குறைபாடுடையவராய்த் தோன்றுவார். மருந்து ஒன்றே, மனிதரும் ஒருவரே. ஆகவேதான் இரண்டு ஊசிகளுக்கும் நடுவேயுள்ள நாளில் அளப்பது வழக்கம். பல வாரங்களுக்கு ஒருமுறை இடப்படும் நீண்டகால ஊசியாயின், அடுத்த ஊசிக்குச் சற்று முன் அளப்பர். தோலிற் பூசும் களிம்பாயின், ஒரு வாரமேனும் பயன்படுத்திய பின், பூசி இரண்டு முதல் எட்டு மணி நேரத்துள் அளப்பர். களிம்பு பூசிய கையிலேயே ஊசி குத்திக் குருதி எடுத்தால், தோலிலுள்ள மருந்தும் கலந்து பொய்யான உயர்வைக் காட்டலாம். பயோற்றின் என்னும் விற்றமினை மிகுதியாக உண்பதும் சில பரிசோதனை முறைகளைப் பிறழச் செய்யும்.

சிகிச்சைக் காலத்தில் எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டும் மிகக் குறைந்திருப்பதைக் கண்டு சிலர் புதுநோய் வந்ததெனக் கலங்குவர். அது புதுநோயன்று, வெளியிலிருந்து ஓமோன் வருவதால் கபச்சுரப்பி ஏவலை நிறுத்திவிட்டது என்பதே அதன் பொருள். ஆனால் இதிலே பெரியதொரு விளைவு அடங்கியுள்ளது. ஏவல் நின்றால் விந்தணு ஆக்கமும் குன்றும்; முற்றாக நிற்கவும் கூடும். ஆண்மைக்கென எடுக்கும் மருந்தே தந்தையாகும் வாய்ப்பைத் தடுக்கின்றது. மருந்தை நிறுத்தியபின் அவ்வாக்கம் மீளப் பல மாதங்கள் செல்லலாம். ஆதலாற் பிள்ளைப்பேற்றை விரும்புவோர், முதலாவது ஊசிக்கு முன்னரே அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். அவர்களுக்கு வேறு சிகிச்சை வழிகளை ஆராயலாம். இதிலே நாணுவதற்கு எதுவுமில்லை.

ஓமோன் அளவைக் காட்டிலும் சில வேளைகளிற் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய எண் மற்றொன்றுண்டு. குருதியின் கனவளவிற் செங்குழியங்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே அது. தெஸ்தெஸ்தரோன் செங்குழிய ஆக்கத்தைத் தூண்டும். அப்பங்கு 54 ஐக் கடந்தால் குருதி தடித்துவிட்டது எனக் கொண்டு, வைத்தியர் சிகிச்சையை இடைநிறுத்திக் காரணத்தை ஆராய்வார். தொடக்கத்திலும், மூன்று முதல் ஆறு மாதங்களுள்ளும், பின்னர் ஆண்டுதோறும் இதனை அளத்தல் நன்று. நடுத்தர வயதைக் கடந்தோருக்கு, முன்னிற்குஞ் சுரப்பியின் நிலையைக் காட்டும் பி.எஸ்.ஏ. பரிசோதனையும் செய்யப்படும். முதலாண்டில் அது தொடக்க அளவைவிட மில்லிலீற்றருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் கூடினால், சிறப்பு வைத்தியரின் ஆலோசனை தேவை.

நேயர்களே, எண் உயர உயர உடல்நலமும் உயரும் என்பது தவறான எண்ணம். நோக்கம் இயல்பான நடு அளவை அடைவதும், நோய்க்குறிகள் தணிவதுமே. எண் நன்றாயிருந்தும் சோர்வு தீரவில்லையெனின், மருந்தைத் தாமாகக் கூட்டாது, உறக்கக் குறைவு, குருதிச் சோகை, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றுள் எதுவேனும் காரணமோ என்று வைத்தியருடன் ஆராய்தல் வேண்டும்.

ஆகவே, குருதி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று விடயங்களைக் குறித்து வையுங்கள்: கடைசியாக மருந்து எடுத்த நாளும் மணியும்; அதன் அளவு; குருதி கொடுத்த நாளும் மணியும். அக்குறிப்பை அறிக்கையோடு சேர்த்து வைத்தியரிடம் கொடுங்கள். தனியே நின்ற எண்ணுக்கு அப்பொழுதே பொருள் பிறக்கும்.