எஸ்பெராந்தோவும் சொல்லொழுங்கும்

1887 ஆம் ஆண்டில் வார்சோ நகரில் வெளிவந்த சிறுநூலொன்றின் வாயிலாக எஸ்பெராந்தோ எனும் ஆக்கமொழி உலகிற்கு அறிமுகமாயிற்று. அதனை ஆக்கிய சாமன்ஹோவ் ஒரு கண் மருத்துவர். பல மொழியினர் பகைமையுற்று வாழ்ந்த பியலிஸ்தொக் நகரிற் பிறந்த அவர், எவ்வினத்தவர்க்கும் தனியுரிமையாகாத பொதுமொழியொன்றை விரும்பினார். அம்மொழி எத்துணை நடுநிலையானது என்பதனைச் சொல்லொழுங்கைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

‘நாய் பூனையைக் கடிக்கிறது’ என்பதனைப் ‘பூனையை நாய் கடிக்கிறது’ என மாற்றினும் பொருள் திரிவதில்லை. ஐ உருபு அதனைக் காக்கிறது. ஆங்கிலத்திலோ பெயர்கள் இடம்மாறின், கடித்தது பூனையாகிவிடும். எஸ்பெராந்தோவில் ஐ உருபின் பணியை ‘ன்’ எனும் ஈறு ஆற்றுகிறது. ‘லா ஹுந்தோ மோர்தாஸ் லா காத்தோன்’ என்பது பெருவழக்கு. ஆயினும், வினையை இறுதியில் வைத்து, ‘லா ஹுந்தோ லா காத்தோன் மோர்தாஸ்’ எனத் தமிழ் ஒழுங்கிற் கூறினும் வழுவன்று.

எனினும், இச்சுதந்திரம் எல்லையுடையது. வினையை இறுதியிற் கொள்ளும் மொழிகள் பெரும்பாலும் இட உறவுச் சொற்களைப் பெயர்க்குப் பின்னரே வைக்கின்றன என்பதை 1963 இல் கிறீன்பேர்க் எடுத்துக்காட்டினார். நாம் ‘மேசைமேல்’ என்கிறோம்; எஸ்பெராந்தோவில் ‘மேல்’ எனப் பொருள்படும் ‘ஸுர்’ முன்னே வருதல் வேண்டும். ‘நேற்று வந்த மாணவன்’ என்பதில் பெயர்க்கு முன் நிற்கும் எச்சத்தொடர், அங்கு ‘கியு’ எனும் சொல்லோடு தொடங்கிப் பெயரின் பின்னர் வருவதே வழக்கு. தமிழ் மாணவர் இடர்ப்படுவது இவ்விடங்களிலேயாம். சொற்கள் இடம்பெயரலாம், ஆயின், தொடர்களின் உள்ளமைப்பு ஐரோப்பிய மொழிகளை ஒத்தே அமைந்துள்ளது.

‘ன்’ ஈறுங்கூட எதிர்ப்பின்றி நிலைத்ததன்று. 1894 இல் சாமன்ஹோவே முன்வைத்த திருத்தத் திட்டத்தில் அது கைவிடப்பட்டிருந்தது. அத்திட்டத்தை எஸ்பெராந்தோ இதழொன்றின் வாசகர்கள் வாக்களித்து நிராகரித்தனர். ஐ போன்ற உருபு இல்லாத மொழியினர்க்கு அவ்வீறு வீண்சுமையாகத் தோன்றுதல் இயல்பே. ஆனால், அது நீங்கின், எழுவாய் எது என்பதனைச் சொல்லின் இடமே காட்டல் வேண்டும். அவ்விடத்தை வரையறுப்பது யாருடைய வழக்கு எனும் வினாவும் உடன் எழும். ஒருவர்க்கு எளிமையாவது மற்றொருவர்க்குக் கட்டாயமாகலாம். பொதுமொழியின் நடுநிலை நல்லெண்ணத்தால் மட்டும் அமைவதன்று. இத்தகைய இலக்கண நுட்பங்களிலேயே அது தங்கியுள்ளது.