சிலிண்டருக்கு ஏன் வியர்க்கிறது? சுடுதண்ணீர் ஊற்றலாமா?

கல்யாண மண்டபங்களின் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய அடுப்பில் சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். அந்த அடுப்புக்கு கேஸ் கொடுக்கும் சிலிண்டரின் கீழ்ப்பகுதியோ ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததுபோல வெள்ளையாகப் பனி பூத்து நிற்கும்.

கொஞ்ச நேரத்தில் தீ இறங்கும். பந்திக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் ஒருவர் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து சிலிண்டர்மேல் ஊற்றுவார். இன்னொருவர் சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுவார். வீடுகளிலும், கேஸ் தீரப்போகும் நாளில் இதே வேலை நடக்கிறது. இரண்டுமே செய்யக் கூடாதவை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, பள்ளியில் படித்த திட, திரவ, வாயுப் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டினால் போதும்.

உள்ளே இருப்பது திரவம்

‘கேஸ் சிலிண்டர்’ என்று சொன்னாலும், உள்ளே பெரும்பகுதி இருப்பது தண்ணீர்போலத் தளும்பும் திரவம்தான். புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவையை அழுத்தித் திரவமாக்கி அடைக்கிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கு மைனஸ் 0.5 டிகிரி போதும். நம் ஊர் வெயிலில் இவை திரவமாக இருக்கக் காரணம், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்தான்.

திரவமாக்குவதற்குக் காரணம் இடம். வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ கேஸ், திரவ நிலையில் சுமார் 26 லிட்டர்தான். அதுவே வாயுவானால் ஏறக்குறைய 250 மடங்கு விரிந்து, 6,000 லிட்டரைத் தாண்டிவிடும். சிலிண்டரை முழுக்க நிரப்பாமல், திரவத்துக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆவி தங்குவதும், வெயிலில் திரவம் விரிந்துகொள்வதும் அந்த இடத்தில்தான்.

பனி எங்கிருந்து வருகிறது?

நாப்பைத் திருகியதும் மேலே இருக்கும் ஆவி டியூப் வழியாக வெளியேறுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட, திரவத்தில் ஒரு பகுதி கொதித்து ஆவியாகிறது. அடுப்பில் தண்ணீர் கொதிக்க வெப்பம் தேவைப்படுவதுபோல இதற்கும் வெப்பம் தேவை. சிலிண்டருக்குக் கீழே நெருப்பு இல்லையே? அதனால், திரவம் தன்னிடமும் சிலிண்டரின் இரும்பிலும் இருக்கும் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. கையில் சானிடைசர் தடவினால் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான்.

இந்த வெப்பத்துக்கு ‘உள்ளுறை வெப்பம்’ என்று பெயர். 18-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் இதை விளக்கினார். ஒரு கிலோ சமையல் எரிவாயு ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு, 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைப் பனிக்கட்டியாக்கப் போதுமானது.

வீட்டு அடுப்பு மெதுவாகத்தான் கேஸை இழுக்கும். இழந்த வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்று திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் பெரும்பாலும் லேசாக வியர்ப்பதோடு சரி. கல்யாண அடுப்பு அப்படியல்ல. கேஸை வேகவேகமாக இழுக்கும்போது, காற்று கொடுக்கும் வெப்பம் போதாமல் சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. திரவம் குளிரக் குளிர, ஆவியாகும் வேகமும் குறையும். தீ இறங்குவது அதனால்தான். சிலிண்டருக்குள் கேஸ் இன்னும் இருக்கலாம்!

குளிர் ஊர்களில் இந்தத் தொல்லை கூடுதல். சீக்கிரம் ஆவியாகும் புரொப்பேன் முதலில் அதிகமாகக் காலியாகிவிடும். கடைசியில் மிஞ்சும் திரவத்தில் பியூட்டேன்தான் அதிகம். ஊட்டியின் டிசம்பர் காலையில் அது ஆவியாகவே சோம்பல்படும்.

சுடுதண்ணீர் ஏன் கூடாது?

சூடாக்கினால் தீ ஏறுவது உண்மைதான். ஆனால், எவ்வளவு சூடாக்குகிறோம் என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. திரவத்தின் வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனாலே உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். இந்தத் திரவம் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக விரியவும் செய்யும். பத்து முறை ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். பழைய வாஷர், துருப்பிடித்த சிலிண்டர், பக்கத்தில் எரியும் அடுப்பு... மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் நிலைமை வேறு. சிலிண்டரின் அடியில் தீ மூட்டிச் சூடுகாட்டுவது இதைவிடப் பயங்கரம்.

படுக்க வைத்தால் என்ன ஆகும்?

நிமிர்ந்து நிற்கும்போது வால்வு இருக்கும் இடத்தில் ஆவி மட்டுமே இருக்கும். படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்யப்பட்டது. அதன் வழியாகத் திரவம் போனால், டியூபிலோ பர்னரிலோ 250 மடங்கு விரியும். அடுப்பில் தீ சட்டென்று ஆளுயரத்துக்குச் சீறலாம். அந்த நேரம் அடுப்புக்கு முன்னால் நிற்பவர் நம் வீட்டு ஆளாகத்தான் இருப்பார்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

* விசேஷச் சமையலுக்கு ஒரே சிலிண்டரை வதைக்காமல், இரண்டு மூன்று சிலிண்டர்களை முறையான இணைப்பில் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் கொடுக்க வேண்டிய கேஸ் குறையும், பனியும் பிடிக்காது. இணைப்பை விவரம் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

* பனி பூத்துவிட்டால், அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு வேறு சிலிண்டருக்கு மாறுங்கள். குளிர்ந்தது தானாகவே பழைய நிலைக்கு வரும்.

* எவ்வளவு கேஸ் மிச்சம் என்று தெரிய வேண்டுமா? ஈரத்துணியால் சிலிண்டர் முழுக்கத் துடையுங்கள். மேல்பகுதி சீக்கிரம் காயும். திரவம் இருக்கும் பகுதியில் ஈரம் நீண்ட நேரம் நிற்கும். அதுதான் அளவுக்கோடு.

* புதிய சிலிண்டர் வந்ததும் எடை போட்டுப் பாருங்கள். சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்திருக்க வேண்டும்.

* கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஏ, பி, சி, டி என்ற எழுத்தோடு ஆண்டு இருக்கும். அது அடுத்த பரிசோதனைக்கான கெடு. ‘பி-27’ என்றால் 2027 ஜூன் வரை. கெடு தாண்டியதை வாங்காதீர்கள்.

* கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இந்த வாயு காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். காற்றில் 2 சதவிகிதம் கலந்தாலே தீப்பிடிக்கும். வெளியே வந்து 1906 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்த விசேஷத்துக்குச் சமையல் பேசும்போது, மெனுவோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: “அடுப்புக்கு எத்தனை சிலிண்டர் இணைப்பீங்க மாஸ்டர்?”